வேலிக்கு மேலே ஒரு வாய் கள்

தோட்டத்துக் கள்ளுக்கடையில் வாங்கிய கள்ளை வேலிக்கு உள்ளேயே விழுங்கிவிட வேண்டும். வாயில் வைத்துக்கொண்டு வெளியே வந்து விழுங்கினால் ஜெயில்... போன ஞாயிறு வரை இதை மனப்பூர்வமாக நம்பியிருந்தேன். சிரிக்காதீர்கள்.

நம்ப வைத்தவர் என் மச்சான். லகாட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கங்காணி. கள்ளுக்கடையைச் சுற்றி மூங்கில் வேலி எதற்கு என்று கேட்டு வைத்தேன்.

“சர்க்கார் சட்டம் லா மச்சான்! குடிக்கிறதெல்லாம் வேலிக்குள்ளதான். ஒரு சொட்டு வெளிய போனாலும் மாத்தா பிடிச்சிட்டுப் போயிருவான்.”

மாத்தா என்றால் போலீஸ்காரர்; அந்தக் காக்கிச் சட்டையைக் கண்டாலே எனக்கு உதறல். நான் இருக்கும் ஈப்போவில் ஒரு மாத்தா வழியில் வந்தால், நான் எதிர்ப்பக்கம் போய் நின்று கொள்வேன்.

போன ஞாயிறன்று மச்சான் வீட்டில் வைத்து என் மகளின் சம்பந்தம் பேசுவதாக ஏற்பாடு. பெண்ணின் அப்பாவுக்கு அந்த நேரத்தில் கள்ளுக்கடையில் என்ன வேலை என்கிறீர்களா? தைரியத்துக்குத்தான்... வேறெதற்கு?

பாதிக் குவளையில் இருக்கும்போது வெளியிலிருந்து மச்சானின் குரல்.

“மச்சான்! சம்பந்தி வந்துட்டாரு, ஓடியாங்க!”

மிச்சத்தை விட மனமில்லை. வாய் கொண்ட மட்டும் ஊற்றிக்கொண்டு ஓடினேன். வாசலைத் தாண்டிய பிறகுதான் உறைத்தது — இன்னும் விழுங்கவில்லை!

எதிரே ஒரு மாத்தா. கையில் கயிறு வேறு. நேராக என்னை நோக்கித்தான் வருகிறார்.

விழுங்கினால், வெளியே குடித்த குற்றம். துப்பினால்? ஒரு சொட்டுக்கே ஜெயில் என்றால் ஒரு வாய்க்கு என்ன தண்டனையோ! சம்பந்தி கண்ணெதிரே கயிற்றில் கட்டி இழுத்துப் போனால் என் மகளை யார் கட்டுவார்கள்? விஷயம் துரை காதுக்குப் போனால் மச்சான் வேலையும் போச்சு.

திரும்பி உள்ளே ஓடப் பார்த்தேன். கடைக்காரர் படலைச் சாத்திவிட்டார்.

“முடிஞ்சிருச்சு அண்ணே. நாளைக்கு வாங்க.”

“ம்ம்ம்! ம்ம்ம்!”

“கோவிச்சுக்கிட்டா மட்டும் கள்ளு ஊறுமா?”

அதற்குள் மாட்டு வண்டியிலிருந்து இறங்கிய சம்பந்தி என்னை உற்றுப் பார்த்தார்.

“என்னா கங்காணி, இவருக்குக் கன்னம் இப்படி வீங்கியிருக்கு? பல்லு வலியா?”

“காலையில நல்லாத்தானே இருந்தாரு!”

“ஆஸ்பத்திரி டிரசரைக் கூப்பிடுங்க. ஒரே இழுப்புல புடுங்கிருவாரு.”

முன்னால் பல் பிடுங்குகிறவர்... பின்னால் மாத்தா. நான் என்ன செய்ய? வேலி மார்பளவு உயரம்தான். எக்கி, தலையையும் கழுத்தையும் மட்டும் உள்ளே நீட்டினேன். கால்கள் வெளியே, தொண்டை உள்ளே — சட்டப்படி விழுங்கினேன்!

அப்படியே திரும்பி, இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு மாத்தாவிடம் கத்தினேன்: “உள்ளதான் குடிச்சேன்! எல்லாரும் சாட்சி!”

மச்சான் தலையில் அடித்துக்கொண்டார்.

“புட்டியில வெளிய கொண்டு போறதைத்தான் லா பிடிப்பாங்க! வாயில கெடக்கறதை எவன் கேக்கப் போறான்?”

சம்பந்தி வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “கங்காணி, ஒரு மூங்கில் வேலிக்கே இந்தப் பயம் பயப்படறவரு, பேசின பேச்சை மாத்தவா போறாரு? பொண்ணு எங்களுக்குத்தான்” என்றார்.

மாத்தா என்னைப் பிடிக்க வரவே இல்லை. அவருடைய ஆடு ஒன்று அவிழ்த்துக்கொண்டு ரப்பர் மரங்களுக்குள் ஓடிவிட்டதாம்; பார்த்தீர்களா என்று கேட்க வந்திருக்கிறார்.

ஆடு கிடைத்தது. கல்யாணமும் நிச்சயமாகிவிட்டது.