ஈரலைப் பற்றிய வரி

மன்னார் நகரில் ஒரு ஸ்கான் நிலையத்தில் அறிக்கைகளைத் தட்டச்சுச் செய்வது என் வேலையாக இருந்தது. சனிக்கிழமைகளில் வெளியூரிலிருந்து டொக்டர் வருவார். நோயாளியின் வயிற்றில் கருவியை நகர்த்தியபடி, கண்டதை ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே போவார். அதே அறையின் மூலையில் கணினிக்கு முன்னால் இருந்து நான் அடிப்பேன். ஆறு வருடத்தில் அந்தச் சொற்கள் பழகிவிட்டன. 'சிஸ்ட்' என்றால் நீர்க்கட்டி, பெரும்பாலும் பயமில்லை. 'லீஷன்' என்றால் அந்த இடம் சரியில்லை. 'செக்கண்டறீஸ்' என்றால் வேறெங்கோ தொடங்கிய புற்று இங்கேயும் பரவிவிட்டது. அந்தச் சொல்லை அடித்துவிட்டு அடுத்த ஆளின் பெயரைக் கூப்பிட என்னால் முடிந்திருக்கிறது.

அண்ணா பக்கத்துக் கிராமமான தாழ்வுபாட்டில் கடற்றொழில் செய்தவர். சாப்பாடு இறங்கவில்லை, சாறம் இடுப்பில் நிற்கவில்லை என்று அண்ணி சொன்னதால், ஒரு சனிக்கிழமை நான்தான் அவரை வரச்சொன்னேன். என் அண்ணன் என்று டொக்டரிடம் சொல்லவில்லை. சொன்னால் முன்னுக்கு எடுப்பார், காத்திருப்பவர்கள் முகம் சுளிப்பார்கள்.

அண்ணா சேர்ட்டை உயர்த்திக்கொண்டு படுத்தார். பித்தப்பை நோர்மல் என்றார் டொக்டர். சிறுநீரகம் இரண்டும் நோர்மல். மண்ணீரல் நோர்மல். ஒவ்வொன்றையும் அடிக்கும்போது எனக்கு மூச்சு வந்தது. வழக்கமாக ஈரலில்தான் தொடங்குவார். அன்று அதைக் கடைசிக்கு வைத்ததை நான் கவனிக்கவில்லை.

"மல்டிபிள் லீஷன்ஸ்," என்றார். கருவியை இன்னும் கொஞ்சம் நகர்த்தி, "சஜஸ்டிவ் ஒஃப் செக்கண்டறீஸ்."

என் விரல்கள் நின்றுவிட்டன. அண்ணா தலையைத் திருப்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சேர், 'கனொட் பி எக்ஸ்குளூடட்' எண்டு போடட்டோ?"

இல்லையென்று சொல்ல முடியாது என்பது அதன் பொருள். சந்தேகம் குறைந்த இடங்களில் அவர் அப்படிச் சொல்வார். 'சஜஸ்டிவ்' என்றால் கிட்டத்தட்ட அதுதான் என்று முடிவு. ஒருநாளும் நான் அவரிடம் ஒரு சொல்லை மாற்றக் கேட்டதில்லை.

"ஏன் பிள்ளை?"

"இவர் என்ர அண்ணா."

டொக்டர் திரும்பவும் ஜெல் பூசி, அண்ணாவைச் சரிந்து படுக்கச் சொல்லி, மூச்சைப் பிடிக்கச் சொல்லி, நெடுநேரம் பார்த்தார். சிஸ்ட் என்று சொல்லுங்கோ, சிஸ்ட் என்று சொல்லுங்கோ என்று மாதாவையும் அவரையும் ஒன்றாகவே மன்றாடினேன்.

"சொன்னதையே அடியுங்கோ," என்றார் மெதுவாக.

வெளியே வாங்கில் குந்தியிருந்த அண்ணா, "வாசிச்சுச் சொல்லு," என்றார்.

"பித்தப்பை நோர்மல். கிட்னி ரெண்டும் நோர்மல். மண்ணீரல் நோர்மல்."

"அப்ப ஏன் திருப்பித் திருப்பிப் பாத்தவர்?"

"ஈரலில கொஞ்சம் வீக்கமாம். கிளினிக்கில மருந்து தருவினம்."

"ஓம், அப்ப சரி," என்று சைக்கிளை எடுத்தார். அடுத்த இரண்டு நாளும் கடலுக்குப் போனாராம்.

ஒரு கிழமைக்குள்ளேயே அவரை யாழ்ப்பாணத்துக்குக் கூட்டிப்போனேன். வேறு டொக்டர், வேறு மெஷின். பழைய அறிக்கையை நான் காட்டவில்லை. காட்டினால் அதைப் பார்த்தே எழுதிவிடுவார் என்று பயந்தேன். அவர் எழுதிய வசனம் வேறு. அந்தச் சொல் அதிலும் இருந்தது. திரும்பி வரும் பஸ்ஸில், எங்கேயாவது ஒரு 'நோ' என் கண்ணுக்குத் தப்பியிருக்குமோ என்று அதே வரியை வாசித்து வாசித்துப் பார்த்தேன்.

"மூடி வை பிள்ளை," என்றார் அண்ணா. "எனக்கு அண்டைக்கே விளங்கீற்றுது. நீ அடிக்காமல் நிண்டனி எல்லோ."

புற்றுநோய்க் கிளினிக்கில் ஊசிமருந்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். ஊசி ஏற்ற அவர் போகவில்லை. கையைப் பிடித்து அழுதும் பார்த்தேன். "மனுசிக்குச் சொல்லிப்போடாதை," என்பது மட்டும்தான் அவர் என்னிடம் கேட்டது. அண்ணி ஈரல் வீக்கம் என்றே நம்பி, கீழ்க்காய்நெல்லி அரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தா. மூன்றாம் மாதம் அண்ணா போய்விட்டார்.

அதன்பிறகு, அலுமாரியில் அண்ணா வைத்திருந்த இரண்டு அறிக்கைகளையும் கண்டெடுத்த அண்ணி, அவற்றை ஒரு ஆசிரியையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறா. நேரே என் வீட்டுக்கு வந்தா. கதிரையில் இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை. மன்னார் அறிக்கையை நீட்டினா.

"இது உங்கட கையால அடிச்சது தானே மச்சாள்?"

"ஓம்."

"தெரிஞ்சிருந்தா அந்த மூண்டு மாசத்தில ஒருநாளும் அவரோட சண்டை பிடிச்சிருக்க மாட்டன்."

அவர்தான் சொல்லவேண்டாம் என்றார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்றைக்கும் கோயிலில் என்னைக் கண்டால் அண்ணி மற்றப் பக்க வாசலால் போய்விடுவா.