அன்னதானத்தை மறுத்தவள்

என் மகள் வூஷு வீராங்கனை. சீனத் தற்காப்புக் கலை. உயர்த்திக் கட்டிய மேடையில் இருவர் மோதுவார்கள். எதிராளியைக் கீழே தள்ளினாலும் புள்ளி உண்டு. பல நாடுகள் கூடும் பெரிய விளையாட்டுப் போட்டிக்கு அணியைத் தேர்ந்தெடுக்கும் நாள் வந்தபோது, அவள் தன் எடைப்பிரிவுக்குச் சற்றே கூடுதலாக இருந்தாள். காலையில் நிறுத்துப் பார்ப்பார்கள். கூடினால் மேடையே ஏற முடியாது.

நான் வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். எந்த உத்தரவுக்கும் எங்கே மேல்முறையீடு செய்வது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். போட்டியின் விதிகளைத் துருவிப் பார்த்துவிட்டேன். தராசுக்கு மேல் அதிகாரி யாரும் இல்லை.

ஆக, வியர்த்துத் தீர வேண்டும். அவள் வழக்கமாக ஓடுவது கிரிவலப் பாதையில். தேர்வுத் தேதியைக் குறித்தவர்கள் பஞ்சாங்கம் பார்ப்பவர்கள் அல்லர். முந்தைய நாள் பௌர்ணமி. ஓட இடமில்லை. மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு கூட்டத்துக்குள் விறுவிறுவென்று நடந்தாள். பின்னால் நான் மூச்சு வாங்கிக்கொண்டு போனேன்.

எங்கள் ஊரில் பௌர்ணமியன்று யாரையும் பசியோடு மலை சுற்ற விடமாட்டார்கள். பந்தலுக்குப் பந்தல் சுண்டல், கேசரி, புளிசாதம். கை நீட்டாவிட்டால் கையைப் பிடித்து வைப்பார்கள். அவள் கும்பிடு போட்டுக்கொண்டே கடந்தாள். காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடித்திருக்கவில்லை.

அடி அண்ணாமலையில் என் அண்ணனின் பந்தல். தொன்னையோடு குறுக்கே வந்து நின்றார்.

“சாமி சோத்த வேணாங்கறியா? அண்ணாமலையார் கோச்சிக்குவாருடி.”

“அவர் கோச்சிக்கட்டும் பெரிப்பா, சமாதானம் பண்ணிக்கலாம். நாளைக்கு தராசு கோச்சிக்கக் கூடாது.”

“பொம்பளப் புள்ளைக்கு சீனாக்காரன் சண்ட எதுக்கு?”

“அவங்க ஊருப் பொண்ணையே கீழ தள்ளத்தான்.”

பந்தலில் எல்லாரும் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. “படிச்சவன் வளத்த லட்சணம்” என்று என்னைப் பார்த்தார்.

நான் தொன்னையை வாங்கிக்கொண்டேன். உரியவர் பெற இயலாதபோது அவருடைய பிரதிநிதி பெறலாம் என்பது நான் காலமெல்லாம் கையெழுத்திட்ட நடைமுறை. அன்னதானத்துக்கு அது பொருந்தாது என்று எந்த அரசாணையும் இல்லை. எனக்குச் சர்க்கரை. இருந்தும் அதற்குப் பின் வந்த எல்லாப் பந்தல்களிலும் அவள் பங்கைக் கேசரி உட்பட நானே தின்றேன்.

“அப்பா, போதும்.”

“நீ நட.”

மறுநாள் தராசு அவளை விட்டது. அணியிலும் இடம் கிடைத்தது.

போட்டியை அண்ணன் வீட்டு டிவியில் பார்த்தோம். முதல் சுற்றில் சீனப் பெண் இவளை இருமுறை மேடையிலிருந்து தள்ளினாள். விதிப்படி அந்தச் சுற்று போயிற்று. இரண்டாவதில் இவள் அவளைத் தள்ளினாள். அண்ணன் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். ஆனாலும் முடிவில் நடுவர் தூக்கியது எதிராளியின் கையை.

அவள் ஊர் திரும்பிய பின் வந்த பௌர்ணமிக்கு மறுபடி அதே பந்தல். அங்கே சுண்டல் போட்டுக்கொண்டிருந்த ஒருவர் கேட்டார்: “தோத்துட்டியாமே?”

“தோத்தேன். அவளும்தான் கீழ விழுந்தா. பாக்கலியா?”

“நான் பாத்தேன்” என்றார் அண்ணன், தொன்னையை நிரப்பியபடி.

“வேணாம் பெரிப்பா. அடுத்த போட்டி வருது.”

அண்ணன் தொன்னையை என் பக்கம் நீட்டினார்.