நார் மில்லுக்கு நற்செய்தி கொண்டுபோன ஞாயிறு

ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட் எதிரே ஒரு டீக்கடை. தக்காளிப் பெட்டி இறக்கிவிட்டு வந்து நின்ற இளைஞன் ஒருவனிடம் போய், ஒரு வாரமாக மனப்பாடம் செய்து வைத்திருந்த இந்தியில், "யேசு ஆப்ஸே ப்யார் கர்தே ஹை" என்றேன். இயேசு உங்களை நேசிக்கிறார் என்று அர்த்தமாம். அவன் டீயை ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "அண்ணே, நான் வேடசந்தூரு" என்றான். டீ மாஸ்டர் சிரித்த சிரிப்பில் பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. சிவப்பாக, ஒல்லியாக, தலைமுடிக்குச் சாயம் அடித்திருந்தால் வடநாட்டுக்காரன் என்பது என் கணக்கு. என் பொது அறிவு அம்புட்டுதான்.

வழக்கமாக இந்தப் பக்கத்தில் அருவி, அணை, பரோட்டா என்று எழுதுகிறவன் நான். இந்தப் பயணம் வேறு மாதிரி. போன அக்டோபரில், மறைபரப்பு ஞாயிறு பூசையில் எங்கள் பங்குச்சாமியார், "நம்ம மாவட்டத்துக்கு வேலைக்கு வந்திருக்கிற வடமாநிலப் பிள்ளைகளை யார் போய்ப் பார்ப்பீர்கள்?" என்று கேட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் சின்ன மகள் என் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். கோயிலுக்குள் மகளோடு மல்லுக்கட்ட முடியுமா? இப்படியாக, பத்தாம் வகுப்பைத் தட்டுத்தடுமாறித் தாண்டி டைல்ஸ் கடையில் சேல்ஸ்மேனாக இருப்பவன் மறைபரப்பாளன் ஆனேன்.

அடுத்த ஞாயிறு, முதல் பூசை முடிந்து காலை ஏழே காலுக்குத் திண்டுக்கல்லில் கிளம்பினோம். பன்னிரண்டு பேர் உட்காரும் வேன், டீசலோடு வாடகை ஐயாயிரம். ஆட்கள் எட்டுப் பேர்தான். பின் சீட்டில் போர்வைக் கட்டுகளும் ஒரு பெட்டி நிறைய இந்தி நற்செய்திப் புத்தகமும், பங்கின் பெயர் போட்ட பேனரும். எங்களுக்குத் தலைவர் லூர்து சார். ஓய்வுபெற்ற வாத்தியார், பங்குப் பேரவைச் செயலர். டிரைவர் பாண்டி நெற்றி நிறைய விபூதியோடு வந்து, "எந்தச் சாமிக்கும் வண்டி ஓட்டுவேண்ணே, ஏசி மட்டும் கேக்கக் கூடாது" என்றார்.

ஒட்டன்சத்திரம் வரை முக்கால் மணி நேரம், நல்ல சாலை. டீக்கடையில் நான் மானத்தை இறக்கிவைத்துவிட்டுக் கிளம்ப, தொப்பம்பட்டிப் பக்கம் இன்னும் ஒரு மணி நேரம். முருங்கை, மக்காச்சோளம், பிறகு தென்னை, தென்னை, தென்னை. கடைசி நாலு கிலோமீட்டர் மண் பாதை, குடல் இடம் மாறும். காலைச் சாப்பாட்டைத் திரும்பும்போது வைத்துக்கொள்வது நல்லது.

நாங்கள் போனது தேங்காய் மட்டையை உரித்து நார் எடுக்கும் மில்லுக்கு. முதலாளி எங்கள் பங்குக்காரர்தான். திருவிழாச் சப்பரத்துக்கு வர்ணம் அடித்துக் கொடுத்தவர். அவர் வீட்டு மூன்று மாடிக்கும் டைல்ஸ் நான் வேலை பார்க்கும் கடையிலிருந்து போனது. கேட்டுக்குள் நுழைந்ததும் மலை மாதிரி மட்டை, காற்றெல்லாம் தூள். இளைப்பு உள்ளவர்கள் மாஸ்க் கொண்டுபோகவும்.

"வாங்க வாங்க. முதலாளி போன் பண்ணியிருந்தாருங்க. டீ சொல்லட்டுங்களா?" என்று மேனேஜர் வரவேற்றார். பின்னால் தகரக் கொட்டகைகள். குழாயடியில் வாளியோடு நின்ற பெண்ணிடம் போய் மறுபடியும் என் இந்தியை எடுத்துவிட்டேன்.

"தெரியுமுங்கண்ணா" என்றாள் அவள், கொங்குத் தமிழில். கழுத்துக்குள்ளிருந்து ஜெபமாலையை எடுத்துக் காட்டினாள். "எங்க தாத்தா காலத்துலயே ஞானஸ்நானம் வாங்கிட்டாங்க. நீங்க எப்ப இருந்துங்க?"

பெயர் சுசீலா. ஜார்க்கண்ட். வந்து நாலு வருடம். அந்தக் கொட்டகைகளில் பாதிப் பேருக்கு மேல் எங்கள் சபைதான் என்று சொன்னாள். லூர்து சார் புத்தகப் பெட்டியைத் திறப்பதா மூடுவதா என்று தெரியாமல் நின்றார்.

"உங்க கோயிலுக்குக்கூட வந்திருக்கோமுங்க. போன கிறிஸ்மஸ் ராத்திரி, மட்டை லாரியில. உள்ள எடமில்லைன்னாங்க. வெளிய மைக்குல கேட்டுட்டு வந்துட்டோம்." புகார் மாதிரிச் சொல்லவில்லை. பஸ் கிடைக்காததைச் சொல்வதுபோலத்தான் சொன்னாள். பிறகு, "சாமி ஆளுங்க வந்துட்டீங்க. உள்ள வாங்கண்ணா" என்று கூட்டிப்போனாள்.

நுழையும் முன்பே வாடை வந்தது. பாயில் அவள் கணவன் மார்ட்டின். மட்டை மிஷினுக்குள் வலது கை போய்ப் பத்து நாளாகிறதாம். கிழிந்த லுங்கியைச் சுற்றியிருந்தார்கள். துணிக்கு மேலே முழங்கைவரை வீங்கிக் கறுத்திருந்தது. கண் திறந்திருந்தது, எங்களைப் பார்க்கவில்லை. காய்ச்சலின் அனல் பக்கத்தில் நின்ற எனக்கே அடித்தது.

மேனேஜர் அவசரமாகச் சொன்னார்: "பக்கத்தூர்ல ஊசி போட்டுத்தானுங்க கூட்டியாந்தோம். பெரியாஸ்பத்திரி போனா எப்படி அடிபட்டுச்சுன்னு கேப்பாங்க, கேஸ் ஆயிருமுங்க. முதலாளி வந்து பாத்துக்கறேன்னுட்டாரு."

சுசீலா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. லூர்து சாரிடம்தான் கேட்டாள். "உங்க வண்டியில எடம் இருக்குதுங்களே. திண்டுக்கல் ஆஸ்பத்திரி வாசல்ல எறக்கிவிட்டாப் போதுங்க. கை போனாப் போகுது. ஆளு இருக்கோணும்."

லூர்து சார் கெட்டவர் இல்லை. தகப்பனில்லாத இரண்டு பிள்ளைகளைத் தன் பென்ஷனில் படிக்கவைப்பவர். முதலாளிக்கு மூன்று தடவை போன் போட்டார், எடுக்கவில்லை. "அவரைக் கேக்காமத் தூக்கிட்டுப் போனா நல்லாருக்காது. அவரும் நம்ம பங்கு. என்ன சொல்றீங்க?" என்று எங்களைப் பார்த்தார். போலீஸ், கேஸ் என்றார் ஒருவர். சாமியாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்றார் இன்னொருவர். சாமியார் அந்த நேரம் கிளைக் கிராமத்தில் பூசையில் இருந்தார். நான் தகரத்தில் இருந்த ஓட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சரி, முதல்ல ஜெபிப்போம்" என்றார் லூர்து சார். எல்லாரும் முழந்தாளிட்டோம். மேனேஜர்கூடச் செருப்பைக் கழற்றினார். நாங்கள் தமிழில் கர்த்தர் கற்பித்த ஜெபம் சொன்னோம். சுசீலா அவள் மொழியில் எங்களைவிடச் சத்தமாகச் சொன்னாள். நாங்கள் முடித்த பிறகும் அவள் ஜெபம் போய்க்கொண்டிருந்தது. முடித்ததும் எழுந்து முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, "தூக்கலாங்களாண்ணா?" என்றாள்.

யாரும் தூக்கவில்லை. நாளைக்கே ஏற்பாடு செய்கிறோம் என்றோம். போர்வை கொடுத்தோம். மேனேஜர் போட்டோ எடுத்தார். நான் பேனரின் ஒரு முனையைப் பிடித்திருந்தேன். சுசீலா தனக்குக் கிடைத்த போர்வையை அங்கேயே பிரித்து, உள்ளே கொண்டுபோனாள்.

வேனுக்கு வந்தால், பாண்டி பின் கதவைத் திறந்துவைத்து, சீட்டு நீளத்துக்குத் தன் பாயை விரித்திருந்தார். யாரோ அடிபட்ட விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்கள்.

"அந்தம்மா சாமான் எடுக்கப் போயிருக்காங்களாண்ணே?"

"இல்ல பாண்டி. அவங்க வரலை."

"வரலையா, ஏத்தலையா?"

அவர் கதவை அறைந்து சாத்தியதில் வண்டியே ஆடியது. திரும்பும் வழியில் ஆயக்குடி போய்க் கொய்யா வாங்குவதாகத் திட்டம் இருந்தது. யாரும் ஞாபகப்படுத்தவில்லை.

திங்கள் முழுக்க லூர்து சார் முதலாளிக்குப் போன் போட்டுப் பார்த்திருக்கிறார். செவ்வாய்க்கிழமை சாமியாருக்கு விஷயம் தெரிந்து, லூர்து சாரைக் கண்டபடி பேசிவிட்டுத் தானே காரை எடுத்துக்கொண்டு போனார். அவர்கள் கொட்டகை காலி. முந்தின நாள் ராத்திரியே இருவரையும் முதலாளி ரயிலேற்றி ஊருக்கு அனுப்பிவிட்டதாக மேனேஜர் சொன்னாராம். அந்தக் கையோடு இரண்டு நாள் ரயில். மேனேஜர் கொடுத்த நம்பரில் சுசீலாவின் போன் இன்றுவரை அணைத்தே கிடக்கிறது.

இதே மாதிரிப் போக நினைக்கும் பங்குக்காரர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். இந்தி படிக்க வேண்டாம், நாலு வருடத்தில் அவர்களே நம்மைவிட நன்றாகத் தமிழ் பேசுகிறார்கள். பெட்டியைப் பிரிக்கும் முன் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேளுங்கள். மில் முதலாளியிடம் அனுமதி வாங்கிப் போனால் அவருக்கு விருந்தாளியாகத்தான் நிற்க வேண்டியிருக்கும், பங்குச்சாமியாரிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள். எங்கள் எட்டுப் பேர் பையிலும் போன் இருந்தது. 108-ஐ அழைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றியும் நான் அழைத்திருப்பேனா என்பதை அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை. திண்டுக்கல் பெரியாஸ்பத்திரிக்கு அங்கிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். நாங்கள் வந்தோமே.

போன ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தபோது முதலாளி எதிரே வந்தார். அறிவிப்புப் பலகையில் எங்கள் போட்டோவைப் பார்த்திருப்பார் போல. "நல்ல காரியம் பண்ணீங்க தம்பி" என்று கையை நீட்டினார். சின்னவள் பக்கத்தில் நின்று என்னையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, "நன்றிங்க சார்" என்றேன்.

மார்ட்டின் உயிரோட ஊர் போய்ச் சேந்தாரா சார் என்று கேட்கவில்லை.