கொறற்றி டீச்சரின் ஆய்வு

கண்டிக்கு அருகே கலஹாவில் பள்ளியொன்றில் கணிதம் படிப்பிக்கும் மரியகொறற்றி முப்பத்தெட்டு வயதில் மெய்யியல் முதுமாணிப் பட்டப்படிப்புக்குப் பதிந்தாள். சனிக்கிழமை காலையில் பேராதனைப் பல்கலைக்கழக வகுப்புக்குப் பஸ் ஏறுவாள். பின்னேரம் கணவரிடமும் மகளிடமும் முகம் மலர்ந்து திரும்புவாள். இரண்டாம் வருடம் அந்த மலர்ச்சி போய்விட்டது. 'நான் இருந்து யாருக்கு என்ன பயன்?' என்பதைத் தவிர மனதில் வேறெதுவும் ஓடவில்லை. கரும்பலகையில் கணக்கைப் பாதியில் விட்டுவிட்டு அப்படியே நின்றாள்.

கணவர் றொட்னி அவளுடைய புத்தகங்களை அலுமாரியில் வைத்துப் பூட்டினார். "இந்தப் படிப்புத்தான் ஒன்ன இப்புடி ஆக்கிருச்சு. போதும், விட்டுரு."

அவளும் அதை நம்பினாள். ஆனால் படிக்காமலிருந்த இரண்டு மாதத்தில் நிலைமை இன்னும் மோசமானது. கடைசியில் அவளே றொட்னியைக் கூட்டிக்கொண்டு கண்டியில் மனநலக் கிளினிக்குக்குப் போனாள்.

டொக்டர் தர்ஷிகா எல்லாவற்றையும் கேட்டார். மனச்சோர்வு என்று சொல்லி மருந்து எழுதினார்.

"படிப்ப நிப்பாட்டிரலாம்தானே, டொக்டர்?" என்றார் றொட்னி.

டொக்டர் கொறற்றியைப் பார்த்தார். "யோசிக்கிறதும் ஒரே எடத்துல சுத்துறதும் ஒண்ணா, டீச்சர்?"

அந்தக் கேள்வியோடு அவள் வீடு திரும்பினாள். ஆறு வாரம் மருந்து எடுத்து, நித்திரை சீரான பிறகு, ஒரு பின்னேரம் கொப்பியைத் திறந்து 'நான் பயனற்றவள்' என்று எழுதினாள். மாணவர் செய்த கணக்கைத் திருத்துவதுபோல் அதன்கீழ் கேட்டாள்: ஆதாரம் எங்கே? பயன் என்றால் என்ன? கைக்குழந்தையைப் பயன் பார்த்தா தூக்குகிறோம்? நான்கு பக்கம் போனது. மருந்துக்கு முன்பும் இதையே கேட்டுப் பார்த்து ஒன்றும் அசையவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதினாள். அதிலிருந்துதான் அவளது ஆய்வு வளர்ந்தது. அலுமாரிச் சாவியை றொட்னி தானாகவே கொடுத்தார்.

வாய்மொழித் தேர்வில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த பேராசிரியர் ராஜலிங்கம் விடவில்லை. "அப்ப மெய்யியல் மனநோயைக் குணமாக்கும் எண்டு சொல்லுறீங்களோ?"

"இல்ல, சேர். குணமாக்குனது மருந்து. ஆனா நோய் சொன்னத நான் ஏன் நம்பணும்னு கேக்க முடிஞ்சது மெய்யியலாலதான்."

"குழம்பின மனம் தன்னைத்தானே எப்பிடிச் சோதிக்கும்?"

"தனியா முடியாது, சேர். அதனாலதான் எழுதி இன்னொருத்தர்கிட்டக் காட்டுறோம். இப்ப உங்ககிட்டக் காட்டுற மாதிரி."

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். அதன் பிறகும் முக்கால் மணி நேரம் வாதம் நடந்தது. ஓரிடத்தில் அவள் விட்டுக்கொடுத்தாள். மற்ற எதிலும் பிடி தளரவில்லை.

முடிவு வந்த அன்று இருவரும் பேராதனையில் பஸ்ஸுக்கு நின்றார்கள். விசேட சித்தியோடு தேறியிருந்தாள், அந்த வருடத்தில் அவளே முதலிடம். றொட்னி வீட்டுக்குப் போன் எடுத்தார். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கும்படி மகளிடம் சொன்னார்: "அம்மாதான் மொதலாவது. கேக்குதா? அம்மாதான்."