காற்றின் மேல் போட்ட பழி

ஐந்தாறு வருடமாக ஒரே பதிலைக் கேட்டுக் கேட்டு ஸைனம்புவுக்கு வயிறு எரிந்தது. "காத்துல கேக்கல்ல புள்ள" என்பான் அவள் புருஷன் றஸாக். சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவான்.

கடல் ஊருக்குள் ஏறிய அந்தக் காலையில், றஸாக் தன் திறந்த காரில் அவளை ஏற்றிக்கொண்டு வயல் பக்கமாகப் பறந்தான். குறுகிய ஒழுங்கையின் முனையில், அவன் கண்ணில் படாத மதிலோரம், அவளுடைய தங்கை ஸம்றா நின்றாள். "ஸம்றா நிக்கிறா, நிப்பாட்டுங்க!" என்று ஸைனம்பு கத்தினாள். கார் நிற்கவில்லை. ஸம்றாவின் உயிரற்ற மையித்தைத்தான் பிறகு கண்டெடுத்தார்கள்.

இரண்டில் ஒன்றுதான் உண்மை. அவன் கேட்டும் நிறுத்தாமல் போயிருக்க வேண்டும். இல்லையென்றால், அவள் கத்தியது போதாது. கேட்டிருப்பான் என்று சொல்ல அவளிடம் ஆதாரம் இல்லை. ஆகவே பழியைத் தானே சுமந்தாள். தொழுகைப் பாயில் இருந்தபடி தன் தொண்டையை ஏசுவாள்.

அந்தக் காரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தேயிலைத் தோட்டத்துத் துரை ஒருவர் விட்டுப்போன சிவப்புக் கார். இரண்டு பேர்தான் இருக்கலாம், கூரை கிடையாது. இலங்கையின் கிழக்குக் கரையில், எங்கள் பக்கத்தில், வீடு பெண்ணுக்கு உரியது. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியேற வேண்டும். அப்படி வரும் மாப்பிள்ளைமாரைத் தலைப்பாகையோடு ஊர்வலமாக ஏற்றி வருவதுதான் றஸாக்கின் தொழில். அவனும் அதே காரில்தான் ஸைனம்புவின் வீட்டு வாசலில் வந்திறங்கினான். பெண்டாட்டியைக் கவனித்தானோ இல்லையோ, காரை நாளுக்கு இரண்டு தடவை துடைத்தான்.

யுத்தம் இருந்தவரை சோதனைச் சாவடிக்குச் சாவடி நின்று ஊர்ந்ததால், ஊர்வலத்தில் காற்று ஒரு தொல்லையாகத் தெரியவில்லை. யுத்தம் முடிந்து, தெற்கே பொத்துவில் வரை மறிப்பில்லாமல் போக முடிந்ததும் கார் வேகம் எடுத்தது. தலைப்பாகைகள் பறந்தன. காற்று தலையில் அடித்து அடித்து மயங்கிப்போன ஒரு மாப்பிள்ளை, நிக்காஹ் நேரத்தில் வாந்தி எடுத்தான். றஸாக் முன்கண்ணாடிக்கு மேல் இன்னொரு கண்ணாடி பூட்டினான். காற்றின் அடி இன்னும் கூடியது. ஸைனம்புவைப் பக்கத்தில் ஏற்றி ஓட்டிப் பார்த்தபோது, அவளுடைய முக்காடு முகத்தின் மேல் விழுந்து படபடத்தது.

"இன்னும் ரெண்டு ஊசி குத்து" என்றான்.

அவளுக்கு வந்ததே கோபம்!

"ஊசியா? காத்து முன்னால இருந்து வந்தா முக்காடு பின்னுக்குத்தானே போகணும்? இது முன்னுக்கு வந்து மூஞ்சில அடிக்கிது! மாப்பிள்ளைமாருட தலப்பாவும் முன்னுக்குத்தான் விழுந்தது. காத்து கண்ணாடிக்கு மேலால போய், பின்னால மடங்கித் திரும்பி வருது. நான் சொல்றது உங்கட காதுல எப்பதான் ஏறும்?"

மேல் கண்ணாடியைக் கழற்ற வைத்தாள். சுனாமி நிவாரணத்தில் வந்து குவிந்த, நுளம்பு கடிக்காமல் கட்டும் வலைகளில் ஒன்றை எடுத்து, நாலாக மடித்து, கம்பிச் சட்டத்தில் இழுத்துத் தைத்தாள். இருக்கைகளுக்குப் பின்னால் குறுக்கே அதைக் கொக்கிகளில் கொளுவினாள். ஆத்திரத்தில் இழுத்த நூல் என்பதால் தையல் நல்ல இறுக்கம்.

பொத்துவிலுக்குப் போகும் வழியில், கோமாரிப் பக்கம் நேர் வீதியில் ஓட்டிப் பார்த்தார்கள். பிடரியில் விழுந்த அடி நின்றது. முக்காடு தோளிலேயே கிடந்தது.

"சும்மா கதைச்சாலும் கேக்குது புள்ள!" றஸாக்குக்குத் தலைகால் புரியவில்லை.

ஸைனம்பு வலை தைத்தது மாப்பிள்ளைமாரின் தலைப்பாகைக்காக அல்ல, காற்றில்லாமலும் காற்றோடும் அவன் காதைச் சோதித்துப் பார்க்கத்தான். "வேகத்தக் குறைக்காம ஓட்டுங்க" என்றாள். திரும்பிக் கொக்கிகளைக் கழற்றினாள். சட்டத்தை இழுத்துக் காலடியில் போட்டாள். காற்று மறுபடியும் வந்து இருவர் தலையிலும் அறைந்தது. இவனுக்குக் கேட்கக் கூடாது, யா அல்லாஹ், கேட்கவே கூடாது என்று மனதுக்குள் மன்றாடினாள். பிறகு, அன்று கத்தியதில் பாதிச் சத்தம்கூட இல்லாமல் சொன்னாள்.

"ஸம்றா நிக்கிறா, நிப்பாட்டுங்க."

றஸாக்கின் கால் பிரேக்கில் ஏறியது. கார் கிறீச்சிட்டுக் குறுக்காக நின்றது.

வீதியில் ஒருவரும் இல்லை. அவன் சுக்கானைப் பிடித்தபடி தலை குனிந்திருந்தான்.

"நிப்பாட்டியிருந்தா மூணு பேரும் மவுத்து" என்றான்.

ஸைனம்பு கதவைத் திறந்து இறங்கினாள்.

"ஏறு புள்ள, வீட்ட போய்க் கதைப்பம்."

"அது என்ட வீடு. நீங்க உங்கட உம்மாட வீட்ட போங்க."

"உன்னக் காப்பாத்தினத்துக்கா இவ்வளவு கோவம்?"

"காப்பாத்தினத்துக்கு இல்ல. இத்தின வரிசமா நான் என்ட தொண்டைய ஏசி ஏசி அழுதன். நீங்க பக்கத்துல படுத்துக்கிட்டுக் கேட்டீங்க. அதையும் காத்துல கேக்கல்ல எண்டு சொல்லுங்க பாப்பம்."