கீழண்டைத் தெருவுக்குப் பாதி வாக்கியம்

போன புதன்கிழமை காலையில் நான் செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில், ஒரு சாம்பார் அண்டாவுக்குக் காவலாக உட்கார்ந்திருந்தேன். ஆபீஸ் நாள். லீவும் சொல்லவில்லை. எங்கள் மேனேஜர் தமிழ்ப் பத்திரிகை படிக்கிறவர் இல்லை என்பதால்தான் இதைத் தைரியமாக எழுதுகிறேன்.

அங்கே எனக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். ஒரு வாக்கியம் என்னை அங்கே கொண்டுபோய் உட்கார வைத்தது. முழு வாக்கியம்கூட இல்லை... பாதி.

எங்கள் ஊர் குமணன்சாவடியிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. பேரைச் சொல்லமாட்டேன். எங்கள் பஞ்சாயத்து போர்டு பிரசிடெண்ட் இந்தப் பத்தியை வாராவாரம் இரவல் வாங்கிப் படிப்பவர். நாலே தெரு. நாலும் கூடுகிற இடத்தில் போர்டு ஆபீஸ். அதன் வாசலில் இந்தக் கோடையில் ஒரு கம்பம் முளைத்தது. கம்பத்தின் உச்சியில் லவுட் ஸ்பீக்கர் குழாய். ஆபீஸுக்குள் ரேடியோ.

யுத்த காலம். ஜப்பான்காரன் வரப்போகிறான், குண்டு போடப்போகிறான் என்று தினம் ஒரு வதந்தி. சர்க்கார் சொல்வதை ஜனங்கள் நேராகவே கேட்டுக்கொள்ளட்டும் என்று பிரசிடெண்ட் அலையாய் அலைந்து ரேடியோவை வாங்கி வந்தார். நல்ல மனுஷர். அதில் சந்தேகமே இல்லை.

முதல் நாள் குழாய் கிழக்கே, எங்கள் கீழண்டைத் தெருவைப் பார்த்திருந்தது. எங்களுக்குக் கணீரென்று கேட்டது. மற்ற மூன்று தெருவுக்கும் யாரோ பல்வலியில் முனகுவது போலக் கேட்டதாம்.

மறுநாள் காலை போர்டு ஆபீஸ் வாசலில் கூட்டம்.

“இன்னா சார் ஞாயம் இது? நாங்க வரி கட்டலியா? அவங்களுக்கு மட்டும் பாட்டு, எங்களுக்கு முக்கலும் மொனகலுமா?”

கேட்டவர் தெற்குத் தெரு கன்னியப்பன். ஜட்கா வண்டி வைத்திருப்பவர். அவர் கேட்டதில் தப்பென்ன? ஒன்றுமில்லை. பிரசிடெண்டும் ஒப்புக்கொண்டார். அன்றே தீர்மானம் போட்டார்கள். குழாயைத் திருப்ப ஒரு கயிறு. கால் மணிக்கு ஒரு தெரு. கிழக்கு, தெற்கு, மேற்கு, வடக்கு... மறுபடி கிழக்கு.

கயிறு இழுக்க ஆள்? அங்கேதான் பிரசிடெண்டின் மூளை வேலை செய்தது. காது கேட்கிறவனை வைத்தால் நல்ல பாட்டு வரும்போது தன் தெருப் பக்கமே நிறுத்திவிடுவான். ஆகவே, காது சுத்தமாகக் கேட்காத கோவிந்தனை நியமித்தார்கள். கோவிந்தனுக்கு ஒரு கடிகாரம் கொடுத்தார்கள். அவன் அதை மட்டும் பார்ப்பான், இழுப்பான். எந்தத் தெருவும் அவனைச் சரிக்கட்ட முடியாது.

இன்னொரு தீர்மானமும் உண்டு. ஒரு தெருக்காரர், குழாய் அடுத்த தெருவைப் பார்க்கும்போது அங்கே போய் நின்று கேட்கக் கூடாது. அது அவர்கள் பங்கைத் திருடுவதாகும்!

சிரிக்காதீர்கள். நான் ஒருநாள் ஒரு கீர்த்தனையின் சரணத்தைக் கேட்கத் தெற்குத் தெருவுக்குள் கால் வைத்தேன். கையைப் பிடித்து எல்லையில் கொண்டுவந்து விட்டார்கள். “பல்லவி கேட்டுகினீங்க இல்ல? போதும் சார், போங்க” என்றார்கள். எங்கள் தெருவில் எல்லோருக்கும் பல்லவி தெரியும். சரணம் தெரிந்தவன் ஒருவனும் இல்லை.

இப்படியே போயிருந்தால்கூட ஒன்றும் குடிமுழுகியிருக்காது. சங்கீதம் நாலு துண்டானால் யாருக்கு என்ன நஷ்டம்?

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வந்தது.

எங்கள் அடுத்த வீட்டு வடிவேலு மல்லிகைத் தோட்டம் வைத்திருப்பவர். மறுநாள் காலை அவர் மகள் செங்கமலத்துக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வேறு யாருமில்லை – தெற்குத் தெரு கன்னியப்பனின் மகன் மணி. வாசலில் வாழைமரம் கட்டியாயிற்று. நாங்கள் எல்லோரும் பந்தலில் உட்கார்ந்திருந்தோம். குழாய் எங்கள் பக்கம் இருந்தது. பாட்டு நின்று, ஒரு கனமான குரல் பேச ஆரம்பித்தது.

“சர்க்கார் அறிவிப்பு. பட்டணத்திலும் சுற்றுப்புறங்களிலும் உள்ள ஜனங்கள், வீடு வாசலை விட்டு உடனே வெளியேற வேண்டிய அவசியம்...”

கிரீச்.

குழாய் தெற்கே திரும்பிவிட்டது.

பந்தலில் இருந்தவர்கள் கம்பத்தைப் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பட்டணத்தில் ஆபீஸுக்குப் போகிறவன், பத்திரிகையில் எழுதுகிறவன். எனக்குத் தெரியாமல் இருக்குமா?

“அவசியம்னு சொல்லிட்டாங்களே சார்!” என்றார் வடிவேலு. “அவசியம்! அதுக்கு மேல கவர்மெண்ட் இன்னா சொல்லணும்?”

எனக்கும் அப்படித்தான் பட்டது. இந்த ‘அவசியம்’ இருக்கிறதே, அது தனியாக நின்றால் ரொம்பப் பயங்கரமான வார்த்தை.

“கல்யாணம்?” என்று கேட்டாள் என் மனைவி சாரதா.

“உசிரு இருந்தா எங்க வேணா கட்டிக்கலாம்மா. சம்மந்தியும் இந்நேரம் கேட்டிருப்பாரு. ஒரே ரேடியோதானே? அவரும் மூட்டை கட்டிகினு இருப்பாரு. செம்பரம்பாக்கத்துல எங்க பெரியப்பா பசங்க கீறாங்க. அங்க போயி ஆள் அனுப்பிக்கலாம்.”

ஒரே ரேடியோதான். ஆனால் தெற்குத் தெருவில் என்ன கேட்டது தெரியுமா? அது எங்களுக்கு அப்போது தெரியாது.

ராத்திரி முழுக்க மூட்டை கட்டி, விடியும் நேரத்தில் கீழண்டைத் தெரு மொத்தமும் கிளம்பியது. மாட்டு வண்டி, கைவண்டி, தலைச்சுமை. பயத்தில் மனுஷர்கள் எதை எடுத்துக்கொள்வார்கள் என்பதற்கு ஒரு கணக்கே இல்லை. எதிர்வீட்டுக்காரர் வாசல் கதவைக் கழற்றி எடுத்து வந்தார். கதவு இல்லாத வீட்டை இனி யார் பார்த்துக்கொள்வார்கள் என்று ஒருவரும் அவரைக் கேட்கவில்லை. சாரதா ஊறுகாய் ஜாடியை எடுத்தாள். நான் குடையை எடுத்தேன். மேலே இருந்து குண்டு விழும் என்றுதானே பேச்சு?

வடிவேலு, கல்யாணத்துக்கென்று சமையல்காரர்கள் அப்போதுதான் இறக்கிய சாம்பாரை அண்டாவோடு வண்டியில் ஏற்றினார்.

“இது எதுக்கு?” என்றேன்.

“உட்டுட்டுப் போனா? ஜப்பான்காரன் வந்து துன்றதுக்கா?”

பட்டுப் புடவையோடு செங்கமலம் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து வந்தாள். வண்டி குலுங்கும்போதெல்லாம் அண்டாவிலிருந்து சாம்பார் தளும்பி ரோட்டில் சிந்தியது. நான் மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டே வந்தேன்.

ஏரிக்கரையில் மாடுகளுக்குத் தண்ணீர் காட்ட நிறுத்தினோம். அப்போதுதான் தூரத்தில் புழுதி தெரிந்தது. ஜட்கா வண்டிகள். முதல் வண்டியில் கன்னியப்பன், பக்கத்தில் மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளை மணி. பின்னால் புரோகிதர், மேளக்காரர்கள், தெற்குத் தெரு ஜனங்கள்.

“பாருங்க, நான் சொல்லலை? சம்மந்தியும் கிளம்பிட்டாரு!” என்று வடிவேலு சந்தோஷமாகக் கையை ஆட்டினார்.

கன்னியப்பன் வண்டி நிற்கும் முன்பே குதித்தார்.

“இன்னாய்யா வடிவேலு! பொண்ணைத் தர இஷ்டம் இல்லேன்னா மூஞ்சிக்கு நேரா சொல்றது! முகூர்த்த நாள்ல தெருவையே காலி பண்ணிகினு ஓடியாந்துட்டே? மேள தாளத்தோட உன் ஊட்டு வாசல்ல வந்து நிக்கறேன், ஒரு நாய்கூட இல்ல. கதவு இல்லாத ஊட்டைப் பார்த்து என் பொஞ்சாதி மயக்கம் போட்டுட்டா! நல்ல வேளை, ரோடெல்லாம் சாம்பாரு. அதைப் புடிச்சுகினு வந்தோம்.”

“சம்மந்தி, கவர்மெண்டே ஓடச் சொல்லிச்சு...”

“யாருகிட்டக் கதை உடறே? ரேடியோ எங்களுக்குந்தான் பேசிச்சு!”

“அப்ப நீங்க ஏன் கிளம்பல?”

“எதுக்குக் கிளம்பணும்?”

இரண்டு தெருவும் ஏரிக்கரையில் நேருக்கு நேர் நின்றன. தெற்குத் தெருக்காரர் ஒருவர் மேல்துண்டை இடுப்பில் இறுக்கினார். எங்கள் எதிர்வீட்டுக்காரர் கதவைக் கேடயம் போல முன்னால் பிடித்துக்கொண்டார். நான் சாம்பாரை விட்டு நகரவில்லை.

“ஏறுடா வண்டியில!” என்று மகனைப் பார்த்துக் கத்தினார் கன்னியப்பன். “இதே முகூர்த்தத்துல பக்கத்து ஊரு நேமத்துல உனுக்கு வேற பொண்ணு பாக்கறேன்!”

மணி மாலையைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றான். “எனுக்கு வேற பொண்ணு வேணாம் நைனா” என்றான். சத்தம் போடவில்லை. ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

வடிவேலு தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்த முகத்தைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பெல்லாம் போய்விட்டது. ஒரு குழாய் கால் மணி நேரக் கணக்கில் திரும்பியதற்காக ஒரு பெண்ணின் கல்யாணம் நிற்கப் போகிறதா?

அரிசி மூட்டை மேலிருந்து செங்கமலம் இறங்கினாள்.

“நைனா, எழுந்திரு. ரேடியோக்காரன் சொன்னதை அப்டியே சொல்லு. ஒரு எழுத்து உடாதே.”

வடிவேலு எழுந்து நின்றார். பள்ளிக்கூடத்துப் பையன் ஒப்பிப்பது போலச் சொன்னார். “பட்டணத்திலும் சுற்றுப்புறங்களிலும் உள்ள ஜனங்கள், வீடு வாசலை விட்டு உடனே வெளியேற வேண்டிய அவசியம்.”

“அப்புறம்?”

“அப்புறம் குழா திரும்பிப் பூட்ச்சும்மா.”

அவள் கன்னியப்பன் பக்கம் திரும்பினாள். கல்யாணப் பெண் வருங்கால மாமனாரை நேருக்கு நேர் பார்த்துப் பேசுவதா என்று இரண்டு தெருப் பெண்களும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவள் கவலைப்படவில்லை.

“மாமா, உங்க தெருப் பக்கம் திரும்பின உடனே இன்னா சொன்னாங்க? மொதோ வார்த்தை.”

கன்னியப்பன் முறைத்தார். யோசித்தார்.

“‘இல்லை’ன்னாங்க.”

“எது இல்லை?”

“அது எனுக்கு இன்னாம்மா தெரியும்? ‘இல்லை’ன்னாங்க. சீமெண்ணெய் தான் இல்லைன்னு நாங்க நென்ச்சிகினோம். அப்புறம் மாட்டுக்குக் கோமாரி வந்தா இன்னா பண்றதுன்னு சொல்ல ஆரம்பிச்சிட்டாங்க.”

“நைனா, நீ மறுபடி சொல்லு. நீ முடிச்ச உடனே மாமா சொல்லட்டும்.”

“...வெளியேற வேண்டிய அவசியம்” என்றார் வடிவேலு.

“இல்லை” என்றார் கன்னியப்பன்.

எதிர்வீட்டுக்காரர் கதவைக் கீழே இறக்கினார்.

“இன்னொரு தபா சொல்லுங்க” என்றார் யாரோ. அவர்கள் இன்னொரு முறை சொன்னார்கள். சம்பந்திகள் இரண்டு பேரும் சேர்ந்து செய்த முதல் காரியம் அதுதான்.

முதலில் சிரித்தவன் மணி. அப்புறம் செங்கமலம். பிறகு இரண்டு தெருவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டன. வடிவேலு மட்டும் அழுதார். கன்னியப்பன் அவரைத் தூக்கி நிறுத்தி, “அட, உடு சம்மந்தி. என் தெருக்காரனுக்கு ‘அவசியம்’னு காதுல விழுந்திருந்தா நானும் ஓடியிருப்பேன்” என்றார்.

ஊருக்குத் திரும்பினால் முகூர்த்தம் தப்பிவிடும் என்றார் புரோகிதர். தாலி மாப்பிள்ளை வீட்டாரிடம் இருந்தது. சாம்பார் எங்களிடம் இருந்தது. வேறென்ன வேண்டும்? கழற்றி வந்த கதவைத் தரையில் போட்டு, மேலே பாய் விரித்து, அதையே மணையாக்கினார்கள். செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில், தெற்கும் கிழக்கும் கூடி நிற்க, கெட்டிமேளம் முழங்கியது. நானும் குடையைப் பிடித்தேன் – மணமக்களுக்கு வெயில் படாமல்.

சாயங்காலம் ஊர் திரும்பி நேரே போர்டு ஆபீஸுக்குப் போனோம். எல்லோருக்கும் கோபம் கோவிந்தன் மேல். கூட்டம் கத்துவதை அவர்கள் முகபாவத்திலிருந்தே அவன் புரிந்துகொண்டான். கடிகாரத்தை எடுத்துப் பிரசிடெண்ட் மேஜை மேல் வைத்தான்.

“காது கேக்காதவன் தான் வேணும்னு நீங்க தானே சார் கூப்டீங்க? நான் ஒரு நிமிசம் முன்ன பின்ன இழுத்திருந்தா சொல்லுங்க” என்றான்.

யாரால் சொல்ல முடியும்? கோவிந்தன் எள்ளளவும் தவறவில்லை. ஒரு இட்லியை நாலாக விண்டு கொடுத்தால் நாலு பேரும் தின்பது இட்லிதான். பேச்சை விண்டு கொடுத்தால் ஒருவருக்கு உத்தரவு கிடைக்கிறது, இன்னொருவருக்கு மறுப்பு கிடைக்கிறது, யாருக்கும் சேதி கிடைப்பதில்லை. இது எங்களுக்குப் புரிய ஒரு தெருவே வண்டி கட்ட வேண்டியிருந்தது!

பிரசிடெண்ட் அவசரக் கூட்டம் போட்டார். வாக்கியம் முடிந்த பிறகுதான் திருப்பவேண்டும் என்றார் ஒருவர். அப்படியானால் காது கேட்கிற ஆள் வேண்டும். அவன் எந்தத் தெருக்காரன்? மறுபடி சண்டை. யார் வேண்டுமானாலும் எந்தத் தெருவிலும் போய்க் கேட்கலாம் என்று விட்டுவிடுங்களேன் என்றேன் நான். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். கடைசியில் எந்தத் தெருவுக்கும் பாரபட்சம் இல்லாத ஒரு தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

இப்போது குழாய் நேராக ஆகாயத்தைப் பார்த்திருக்கிறது. எங்கள் ஊரில் ஒருவருக்கும் ஒன்றும் கேட்பதில்லை. ஒருவருக்கும் புகாரும் இல்லை. பருந்துகளுக்கு மட்டும் யுத்த நிலவரம் அத்துப்படி.