பக்கத்து நாற்காலியில் நெட் இல்லை

ஃப்ளெக்ஸ் பேனர் டிசைன் செய்கிறவனுக்கு ஊரில் எல்லார் முகமும் மனப்பாடம், அவன் முகம்தான் யாருக்கும் தெரியாது.

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து டிசைன் கடையில் நான் சீனியர். கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாம் என் கையால்தான் நடந்தது. பக்கத்து நாற்காலிக்குச் செல்வி வந்த பிறகு கூட்டமெல்லாம் அவள் பக்கம், நான் ஈ ஓட்டுகிறேன். வேலைக்கு நடுவே நெட்டில் காணாமல் போகிற சகபாவிகளே, என் வயிற்றெரிச்சலை நீங்களாவது கேளுங்கள்.

தாமரை தேடப் போனேன்

கரிவலம்வந்தநல்லூர்க்காரர் ஒருவர் மகள் கல்யாண பேனருக்கு வந்தார். ஓரத்தில் ஒரு தாமரை வைக்கலாமென்று நெட்டைத் திறந்தேன். தாமரைக்கு அடுத்து தாமரைக்குளம், குளத்தில் யானை குளிக்கிற வீடியோ, அதற்குக் கீழே ஒருவர் மண்சட்டியில் அயிரைமீன் குழம்பு வைத்துக்கொண்டிருந்தார். குழம்பு கொதிப்பதற்குள் எப்படி எழுந்து வருவது? வந்தவர் என் முதுகுக்குப் பின்னால் நிற்பதே மறந்துவிட்டது.

குழம்பை இறக்கும்போது அவர் செல்வியிடம் நகர்ந்துவிட்டார். “ஏம்மா, அவரு சாப்பிட்டு எந்திரிக்க நேரமாவும் போல. நீ போட்டுத் தா.”

உருவிய வயர்

செல்வியின் சூட்சுமம் இதுதான். காலையில் வந்ததும் தன் கம்ப்யூட்டரிலிருந்து நெட் வயரை உருவிவிடுவாள். பூ, மாலை, பார்டர் எல்லாம் முன்பே இறக்கி வைத்திருக்கிறாள். புதிதாக ஏதாவது வேண்டுமென்றால் மதியம் ஒரே தடவை வயரைச் சொருகி எடுத்துக்கொள்வாள். இவ்வளவுதானா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இது ஏன் எனக்குத் தோன்றவில்லை?

நானும் உருவினேன். கொஞ்ச நேரம் பெருமையாகத்தான் இருந்தது. அப்புறம் கை தானாகச் சட்டைப்பைக்குப் போய் போனை எடுத்துவிட்டது. செல்வி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “அண்ணே, வயர உருவியாச்சு, சரி. அப்படியே சட்டப்பையையும் தச்சிருங்க.”

சர்பத் வைத்தியம்

போனை ரோட்டுக்கு எதிர்ப்பக்கச் சர்பத் கடை அண்ணாச்சியிடம் கொடுத்து, நானே வந்து கேட்டாலும் சாயங்காலம் வரை தரக்கூடாது என்று சொல்லிவிட்டு வந்தேன். கொஞ்ச நேரத்தில் தாகமெடுத்தது. நன்னாரி சர்பத்தைக் குடித்துக்கொண்டே கல்லாப்பெட்டி மேலிருந்த போனை எட்டிப் பார்த்தேன். திரை மின்னியது. யாராக இருக்கும்? திரும்பி வந்தால் மறுபடி தாகம். ஒவ்வொரு தடவை ரோட்டைத் தாண்டும்போதும் செல்வி முன்னால் ஆள் கூடியிருந்தது.

கடைசியில் அண்ணாச்சியே போனை நீட்டினார். “இந்தாரும் வே, எடுத்துட்டுப் போயிரும். நாளைக்குச் சுகர் வந்தா எம்மேலல்லா பழி போடுவீரு.”

என் வீட்டுக் காதுகுத்து

போன மாசம் என் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்துவார்கள், அதனால் பேனரும் அவன் பொறுப்பு, அவன் படம்தான் பெரிசாக இருக்கவேண்டும். என் மச்சினன் கடை வாசலில் வந்து நின்றதும் போனை அணைத்தேன், நெட்டை மூடினேன், அவனுக்கு ஸ்டூலைத் துடைத்துப் போட்டேன். ஊர் பேனரெல்லாம் செல்விக்கே போகட்டும், என் பிள்ளை பேனரை நான்தான் செய்யவேண்டும் என்று அவ்வளவு ஆசை.

அவன் போட்டோக்களைச் செல்வி மேசையில் வைத்தான். அவன் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னான்: “கோவிச்சுக்கிடாதிய அத்தான். காது குத்துததுக்கு முன்னால பேனரு வரணும்லா.”

காதுகுத்தன்று பேனரைப் பார்த்த அத்தனை பேரும் அப்பன் கைவேலை என்று என்னைப் பாராட்டினார்கள், அதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் நின்ற செல்வி ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லாததைத்தான் இன்னும் என்னால் பொறுக்கமுடியவில்லை.